விலையும் விடையும்

நாம் கற்பிக்கும் பாடசாலையில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் சில காலத்துக்கு முன் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினான். 2022ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளைப் பற்றிய பேச்சு வகுப்பில் எழுந்திருந்த வேளை அது. ‘சேர், தண்டவாளத்தை மறிச்சது சட்டப்படி குற்றம். ஒரே இரவிலை எண்ணெய் விலையைக் கூட்டினது சட்டப்படி குற்றமில்லை. அப்ப பிழை செய்தது ஆர்?’ என்று கேட்டான். அவனுடைய தந்தையார் கடற்றொழிலாளி. மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் பூட்டிய படகே அவ்வீட்டின் அடுப்பை எரிய வைப்பது.

நாம் அன்று கூறியது பாடநூல் விடை. சட்டத்தை மதித்தல் வேண்டும். குறைகளை முறைப்படி எடுத்துரைத்தல் வேண்டும். வன்முறை எத்தரப்பிலிருந்து வரினும் தவறே. அவன் தலையை ஆட்டிவிட்டு அமர்ந்தான். மாணவர் தலையாட்டுவது ஒப்புதலாலும் உண்டு. ஆசிரியர்மேல் கொண்ட இரக்கத்தாலும் உண்டு. அவனுடைய தலையாட்டல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதை வீடு திரும்பும் வழியில் உணர்ந்தோம். அன்று கொடுக்கத் தவறிய விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

அவன் மனத்திலிருந்த நிகழ்ச்சியை முதலில் நினைவு கொள்வோம். 2022 ஏப்ரல் 18ஆம் திகதி நள்ளிரவில் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் எரிபொருள் விலைகளை உயர்த்தியது. 176 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் 289 ரூபாவாயிற்று. 254 ரூபாவாக இருந்த பெற்றோல் 338 ரூபாவாயிற்று. மறுநாள் கேகாலை மாவட்டத்திலுள்ள றம்புக்கனையில், எரிபொருளுக்காகக் காத்து நின்ற மக்களும் அவர்களோடு சேர்ந்தோரும் வீதியையும் புகையிரதப் பாதையையும் பல மணி நேரம் மறித்தனர். பொலிசார் சுட்டனர். ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். எரிபொருள் பவுசர் ஒன்றுக்குத் தீ வைக்க முனைந்தமையாலேயே சுட நேர்ந்தது எனப் பொலிஸ் தரப்புக் கூறியது. சில நாட்களின் பின் நீதிமன்றத்தின் உத்தரவின் பேரில் உயர் பொலிஸ் அதிகாரி ஒருவர் உட்படச் சிலர் கைது செய்யப்பட்டனர். இவை யாவரும் அறிந்த செய்திகள். அவற்றின் பின்னாலுள்ள அறவினாவே நமக்கு முக்கியம்.

தமிழ் கற்பிப்போராகிய நமக்கு இலக்கணத்திலிருந்து தொடங்குவது எளிது. ‘ஏறு’ என்பது தன்வினை. ‘ஏற்று’ என்பது பிறவினை. சூரியன் ஏறுகிறது, பாரத்தை வண்டியில் ஒருவன் ஏற்றுகிறான். இவ்வேறுபாட்டைச் சிறுவரும் அறிவர். ஆயினும் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள்: ‘விலை ஏறியது’ என்றே எழுதுகிறோம். சூரியனைப் போல விலையும் தானாக ஏறுகிறதாம்! சற்று நேர்மையுடையோர் ‘விலை ஏற்றப்பட்டது’ என எழுதுவர். அதுவோ செயப்பாட்டுவினை. அங்கே செயப்படுபொருள் எழுவாயின் ஆசனத்தில் வந்து அமர்ந்துகொள்கிறது. செய்தவன் வாக்கியத்திலிருந்தே மறைந்துவிடலாம். ‘துப்பாக்கி வெடித்தது’, ‘ஒருவர் உயிரிழந்தார்’ என்பனவும் இவ்வினத்தனவே. வெடிக்கச் செய்தவனும் இல்லை. உயிரைப் பறித்தவனும் இல்லை. விலையிலிருந்து குண்டு வரை, எழுவாய் இல்லாத வாக்கியங்களால் கட்டப்பட்டதே அதிகாரத்தின் மொழி. அதற்கு மாறாக, தண்டவாளத்தில் அமர்ந்த மனிதனுக்கு மட்டும் எழுவாய் தவறாமல் கொடுக்கப்படுகிறது: ‘கலகக்காரர் மறித்தனர்.’ மாணவனின் வினா இந்த ஓரவஞ்சனையைத்தான் தொட்டது.

ஆனால், இவ்விடத்தில் நாம் நேர்மையாக இருத்தல் வேண்டும். விலையை உயர்த்தியோர் கூறும் நியாயத்தைக் கேளாமல் தீர்ப்பு வழங்குவது முற்போக்கும் அன்று, அறமும் அன்று. 2022 பெப்ரவரியில் உக்ரேனிய யுத்தம் தொடங்கியபின் உலகச் சந்தையில் எண்ணெய் விலை உயர்ந்தது. மார்ச் மாதத்தில் ரூபாவின் பெறுமதி தளரவிடப்பட்டு, 200 ரூபா அளவில் நின்ற டொலர் சில வாரங்களில் 300 ரூபாவைக் கடந்தது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. கப்பலுக்குக் கொடுக்கக் காசு இல்லாத நாட்டில் பழைய விலையில் எண்ணெய் விற்பது எங்ஙனம்? மேலும், எரிபொருளைக் குறைந்த விலைக்குக் கொடுப்பதால் கூடிய பயன் பெறுவோர் கூடுதலாக எரிப்போரே. இரு கார்கள் வைத்திருப்பவர் பெறும் சலுகை, பஸ்ஸில் செல்பவர் பெறும் சலுகையிலும் பன்மடங்கு பெரிது. இவை உண்மைகள். ‘வேறு வழியில்லை’ என்ற சொல்லை வெறும் பொய்யென்று ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும் நிர்ப்பந்தத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. கிணற்றில் விழுந்தவனுக்கு மேலே வர வேறு வழியில்லைதான்; ஆனால் அவன் கிணற்றை நோக்கி நடந்து வந்த வழி ஒன்று இருக்கிறது. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தமையும், 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையால் தடுத்தமையும் தெய்வச் செயல்கள் அல்ல. 2023 நவம்பர் 14ஆம் திகதி நமது உயர் நீதிமன்றம், முன்னாள் சனாதிபதிகள் இருவர் உட்பட ஆட்சியிலும் நிதித்துறையிலும் உயர்பதவி வகித்த சிலர் பொது நம்பிக்கைக்குத் துரோகம் செய்து பொருளாதார நெருக்கடிக்கு வழிகோலினர் எனத் தீர்ப்பளித்தது. இலக்கண நோக்கிற் கூறின், தொலைந்துபோன எழுவாயை அத்தீர்ப்பு மீட்டுத் தந்தது. ஆனால் அது வந்தது றம்புக்கனையில் ஒருவர் இறந்து ஒன்றரை ஆண்டுக்குப் பின்னர். தண்டவாளத்தில் அமர்ந்திருந்தோர், சட்டம் பின்னர் கேட்கப்போகும் கேள்வியைச் சற்று முன்கூட்டிக் கேட்டனர், அவ்வளவே.

இன்னும் ஒன்று. விலையை உயர்த்துவது தவிர்க்க முடியாதது என்று ஒப்புக்கொண்டாலும், அதன் சுமையை யார் எவ்வளவு தாங்குவது என்பது தீர்ந்துவிடுவதில்லை. எல்லோருக்கும் ஒரே விலை என்பதால் எல்லோருக்கும் ஒரே சுமை என்றாகாது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கடையில் பொருள் விற்பவர் கூடிய செலவை விலையிற் சேர்த்துக்கொள்வார். பஸ் உரிமையாளர் கட்டணத்திற் சேர்த்துக்கொள்வார். கடலுக்குப் போய் வந்தவன் மீனைக் கரையில் கொட்டி ஏலத்துக்கு விடுகிறான். அதன் விலையை வாங்குபவன் கூறுகிறான். தோட்டத்தில் நீரிறைத்து வெங்காயம் விளைவித்தவனின் நிலையும் அதுவே. வாங்குவதற்கும் விலை கூற முடியாதவன், விற்பதற்கும் விலை கூற முடியாதவன். இவ்விரு கதவுகளுக்கும் நடுவில் நசுங்குபவனே உழைப்பாளி. அவன் தெருவுக்கு வருவது பொருளாதாரம் அறியாமையால் அன்று. தன் சுமையை இறக்கி வைக்க வேறு இடம் இல்லாமையாலேயே வருகிறான். 2012 பெப்ரவரியிலும் மண்ணெண்ணெய் 71 ரூபாவிலிருந்து 106 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது சிலாபத்துக் கடற்றொழிலாளர் வீதிக்கு வந்தனர். அங்கும் பாதுகாப்புப் படையினரின் குண்டுக்கு ஒருவர் பலியானார்.

இவ்வாறு தெருவுக்கு வந்து கேட்கப்படும் வினாவுக்கு அதிகாரம் அளிக்கும் விடைகள் யாவை? உலகெங்கும் அவை வியக்கத்தக்கவாறு ஒத்திருக்கின்றன. 2019 நவம்பரில் ஈரானில் பெற்றோல் விலை ஓரிரவில் உயர்த்தப்பட்டு மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, அரசு ஏறத்தாழ ஒரு வாரம் நாட்டின் இணையத் தொடர்பைத் துண்டித்தது. 300க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டமையைச் சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது. 2022 ஜனவரியில் கசக்ஸ்தானில், வாகனங்களுக்குப் பயன்படும் திரவ வாயுவின் விலை இரட்டித்தமையால் ஜனவோசென் நகரில் தொடங்கிய எதிர்ப்பு நாடெங்கும் பரவியது. முன்னெச்சரிக்கையின்றிச் சுடுமாறு தாம் ஆணையிட்டதாகச் சனாதிபதி தொக்காயெவ் தொலைக்காட்சியிலேயே கூறினார். அரச கணக்கின்படியே 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். நம் நாட்டில் 2022 ஏப்ரல் தொடக்கத்தில் அவசரகாலநிலை, ஊரடங்கு, சமூக ஊடகத் தடை என்பன ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1953 ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தாலை மூத்த தலைமுறை மறந்திராது. கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கப்பட்டதைக் கேள்வி கேட்ட மக்கள்மீது சுட்டுவிட்டு, மந்திரி சபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. மக்களின் கேள்வியிலிருந்து கடலுக்குத் தப்பிய அரசாங்கம் அது!

‘ஒழுங்கை நிலைநாட்டவே செய்தோம்’ என்பது இவை யாவற்றுக்கும் பொதுவான விளக்கம். ஒழுங்கு என்றால் யாது? 2022இன் முற்பாதியில் இந்நாட்டு மக்கள் இரவும் பகலும் வரிசையில் நின்றனர். வரிசையில் நின்றவாறே முதியவர் உயிர்விட்ட செய்தியும் வந்தது. இலட்சக்கணக்கானோர் வெயிலில் ஒருவர்பின் ஒருவராக நின்று, தம் முறை வரும்வரை பொறுத்தார்களே, அதனினும் சிறந்த ஒழுங்கு எந்நாட்டிற் கண்டோம்? அந்த ஒழுங்குக்கு நன்றி கூற எந்த அதிகாரியும் வரவில்லை. இராணுவம் மட்டும் எரிபொருள் நிலையங்களுக்கு வந்தது. 2022 ஜூன் 18ஆம் திகதி முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடுவில், எரிபொருள் நிலையத்தில் எழுந்த கைகலப்பின்போது இராணுவத்தினர் சுட்டுப் பொதுமக்கள் காயமுற்றனர். கல்லெறியில் படைவீரரும் காயமுற்றதாக இராணுவம் கூறியது. சத்தமின்மையை ஒழுங்கு என்று கொள்வோர், மக்கள் பொறுமையாக நின்ற மாதங்களை ஒழுங்கு என்று காணவில்லை. பொறுமை உடைந்த கணத்தை மட்டுமே ஒழுங்கின்மை என்று கண்டனர்.

இங்கே நம்மவரிற் சிலர் இடைமறிப்பர். ‘தெற்கில் அவர்கள் தங்கள் அரசாங்கத்தோடு சண்டை பிடிக்கிறார்கள், நமக்கென்ன?’ இக்கூற்றின் பின்னாலுள்ள வடுவை நாம் அறிவோம். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமும் அவசரகால விதிகளும் பல்லாண்டுகளாக எவர்மீது பாய்ந்தன என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அப்போது தெற்கு பெரும்பாலும் மௌனமாக இருந்தது என்பதும் மெய்யே. ஆனால் 2022 ஆகஸ்டில் மாணவர் தலைவர்கள் அதே சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டபோது, ஒருவர்மேல் ஏவுவதற்காகத் தீட்டிய வாள் மற்றவர்மேலும் இறங்கும் என்பதைத் தெற்கும் கண்டது. அவ்வாண்டு மே 18ஆம் திகதி காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்காலில் மாண்டோர் நினைவுகூரப்பட்டனர். அது சிறு தொடக்கமே. அதனால் பழைய கணக்குத் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் றம்புக்கனையில் விழுந்த மனிதனுக்கும் விசுவமடுவில் காயமுற்ற மனிதனுக்கும் இடையே நின்ற வேற்றுமை மொழி. நின்ற ஒற்றுமை வெறும் எண்ணெய்க் கலன். பிறர் மௌனித்தார் என்பதற்காக நாமும் மௌனிப்பது, அவர்களுடைய தவற்றை நமது கொள்கையாக்கிக் கொள்வதாகும்.

இனி, மறித்தவர் பக்கத்துக்கு வருவோம். மக்கள் செய்வதெல்லாம் நியாயம் என்று கூறுவது மக்களுக்குச் செய்யும் மரியாதை அன்று. தண்டவாளத்தை மறித்தால் நிற்பது அமைச்சரின் வாகனம் அன்று. நாட்கூலிக்குப் போகின்றவனும், வைத்தியசாலைக்குப் போகின்ற தாயும் ஏறிய புகையிரதமே நிற்கிறது. அடிபட்டவன் தன்போல் அடிபட்ட இன்னொருவன்மேல் சுமையை ஏற்றும் செயல் அது. ஆகவே மறியலுக்கும் ஓர் அறம் வேண்டும். வேறு கதவுகள் தட்டப்பட்டுத் திறவாமற் போயிருத்தல் வேண்டும். நோயாளிக்கும் குழந்தைக்கும் வழி விடப்படல் வேண்டும். கேள்வியாகத் தொடங்கியது தண்டனையாக மாறாதிருத்தல் வேண்டும். 2022 மே 9ஆம் திகதி, அமைதியாக இருந்த போராட்டக்காரரை அரசாங்க ஆதரவாளர் தாக்கிய பின்னர், அன்றிரவு வீடுகள் எரிந்தன. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கும்பலாற் கொல்லப்பட்டார். ஆத்திரத்தின் காரணம் நமக்கு விளங்குகிறது. ஆனால் விளங்குதல் வேறு, ஒப்புதல் வேறு. விசாரணையின்றிச் சுட்ட பொலிசாரைக் கண்டிக்கும் நாம், விசாரணையின்றிக் கொன்ற கும்பலை மன்னித்தால் நமது கண்டனத்தின் வேர் அறுந்துபோம்.

சிலப்பதிகாரத்தில் இதற்கு ஒளி தரும் காட்சிகள் இரண்டு உள. நீதி கேட்டு வந்த கண்ணகி அரண்மனை வாயிலில் நிற்கிறாள். அவள் கோலங்கண்டு அஞ்சிய வாயிற்காவலன் அவளைத் துரத்தவில்லை. செய்தியை உள்ளே கொண்டு போகிறான். அரசன் அவளை வரச் சொல்கிறான், அவள் சினந்து பேசுவதைக் கேட்கிறான், சான்றைப் பார்க்கிறான், தன் தவற்றை அறிந்ததும் உயிர் துறக்கிறான். பாண்டியன் செய்த தவறு பெரிது. ஆனால் கேள்வி கேட்டவளைக் குற்றவாளியாக்கும் இரண்டாவது தவற்றை அவன் செய்யவில்லை. அடுத்த காட்சியில் மதுரை எரிகிறது. அங்கும் கண்ணகி, முதியோரையும் குழந்தைகளையும் தீண்டாது விடுமாறு தீக்கு ஆணையிடுகிறாள். அவளது விலக்குப் பட்டியல் முழுவதையும் இன்று நாம் ஏற்கமாட்டோம். அவள் எரித்த நகரில் குற்றமற்றோர் பலர் இருந்திருப்பர் என்றும் கேட்போம். ஆயினும் சினத்தின் உச்சியிலும் வரம்பு ஒன்று வேண்டும் என்பதை அப்புலவர் அறிந்திருந்தார். அரசுக்கு ஒரு பாடம், மக்களுக்கு ஒரு பாடம். இரண்டும் ஒரே காப்பியத்தில்.

இரு தரப்பும் தவறு செய்யக்கூடும் எனின், இரண்டையும் சமமாகக் கண்டித்துவிட்டு ஓய்ந்துவிடலாமா? பாடநூல் விடை அங்கேதான் தவறியது. தவற்றைத் தடுப்பதற்கும் தவறு செய்தவனைக் கொல்வதற்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. மறியல் குற்றமாயின் அதற்கு நீதிமன்றம் உண்டு, தண்டமோ சிறையோ உண்டு, மரணதண்டனை இல்லை. துப்பாக்கி நீதிமன்றத்தின் வேலையை ஒரு கணத்தில் செய்துவிடுகிறது. மேன்முறையீட்டுக்கும் இடம் வைப்பதில்லை. பவுசர் எரிந்திருந்தால் பல உயிர் போயிருக்கும் என்ற வாதத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. உயிரைக் காக்க வேறு எவ்வழியும் இல்லாதவிடத்துப் பலத்தைப் பயன்படுத்தலாம் என்பதை ஒப்புகிறோம். ஆனால் ‘வேறு வழியில்லை’ என்பதை நிரூபிக்கும் கடமை துப்பாக்கி ஏந்தியவனுக்கு உரியது, இறந்தவனுக்கு உரியதன்று.

‘வேறு வழியில்லை’ என்ற சொல் எத்துணை விரைவில் மாறக்கூடியது என்பதற்கும் சான்றுகள் உண்டு. 2012 ஜனவரி முதலாந் திகதி நைஜீரிய அரசு மானியத்தை நீக்கியது. 65 நைராவாக இருந்த பெற்றோல் இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. பொது வேலைநிறுத்தம் நாட்டை நிறுத்தியபின், இரண்டு வாரங்களிலேயே 97 நைராவாகக் குறைக்க அரசுக்கு வழி பிறந்தது. 2018 டிசம்பரில் பிரான்சிய அரசு, மஞ்சட் சட்டைப் போராட்டத்தின் பின் எரிபொருள் வரி உயர்வைக் கைவிட்டது. 2019 ஒக்டோபரில் எக்குவடோர் அரசு, ஆதிக்குடிகள் முன்னின்ற பதினொரு நாட் போராட்டத்தின் பின் மானிய நீக்க ஆணையை மீளப்பெற்றது. இறங்கி வந்த விலைகள் எல்லாம் பொருளாதார நோக்கிற் சரியானவை என்று நாம் வாதாடவில்லை. முதல் நாள் ‘முடியவே முடியாது’ என்றது, மக்கள் எழுந்ததும் ‘முடியும்’ ஆயிற்றே, அந்த முதல் நாளிலேயே மக்களை அழைத்து ஏன் பேசவில்லை என்பதே நமது வினா. உயிர்கள் போன பின்னர் கிடைக்கும் சலுகையை அரசின் கருணை என்று எவ்வாறு கூறுவது?

2022 மே மாதத்தில் நம் நாட்டில் எரிபொருளுக்கு விலைச் சூத்திரம் ஒன்று கொண்டுவரப்பட்டது. கணக்கு வெளிப்படையாயின் நன்றே. ஆனால் சூத்திரம் வந்ததும் எழுவாய் இன்னும் ஆழத்தில் மறைந்துவிடும் அபாயம் உண்டு. முன்னர் ‘உலகச் சந்தை உயர்த்தியது’ என்றனர். இனிச் ‘சூத்திரம் உயர்த்தியது’ என்பர். சூத்திரத்தை எழுதியவர் மனிதர். அதில் வரி எவ்வளவு, படகுக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் எவ்வளவு விலக்கு என்று தீர்மானிப்பவரும் மனிதர். மனிதர் தீர்மானித்ததற்கு மனிதரே விடை கூறல் வேண்டும். அதிகாரம் என்பது ஆணையிடும் உரிமை மட்டும் அன்று. விடை கூறும் கடமையும் ஆகும். எவனிடம் அதிகாரம் கூடுதலாக உண்டோ அவனிடம் அக்கடமையும் கூடுதலாக உண்டு.

ஆகவே அந்த மாணவனுக்கு நாம் கூறவேண்டிய விடை இது: தம்பி, தண்டவாளத்தை மறித்தவன் தன்னோடு துன்பப்படும் பிரயாணிக்கு விடை கூறக் கடமைப்பட்டவன்; அதை மறுக்காதே. ஆனால் விலையை உயர்த்தியவன் உனக்கும், உன் தந்தைக்கும், அந்தப் பிரயாணிக்கும், மறித்தவனுக்கும் விடை கூறக் கடமைப்பட்டவன். விடை கூறாது துப்பாக்கியைக் காட்டியவன் செய்த தவறு, சட்டப் புத்தகத்தில் எப்பெயரால் வழங்கினும், அத்தவறுகளிற் பெரியது. ஏனெனில் அவன் ஒரு மனிதனைக் கொன்றதோடு, மற்ற எல்லோருடைய கேள்வியையும் கொல்ல முனைந்தான்.

இதை அவனிடம் கூறினோம். சற்று நேரம் பேசாதிருந்தான். பின்னர், ‘அப்ப சேர், பரீட்சையிலை எதை எழுதிறது?’ என்று கேட்டான். இதற்கும் நம்மிடம் ஆயத்தமான விடை இருக்கவில்லை. ஆசிரியர்களாகிய நாமும் ஒரு சிறு அதிகாரத்தை உடையோம். நாம் விடை கூறவேண்டிய இடம் இதுவே.